மெர்வின் ஸ்டாடர்டின் காலர் வழியே வந்த புகை

மொன்டானாவின் ட்ரை ஃபோர்க் ஊரில், துப்பாக்கி மருந்தின் விலை மூன்று மடங்கான வருடம், யார் ரைஃபிள் சுட்டாலும் புகை மெர்வின் ஸ்டாடர்டின் சட்டைக் காலரிலிருந்து வந்தது. ஊருக்கு இதில் பெரிய வியப்பில்லை. ரைஃபிளுக்குப் போடுவது புகையில்லா மருந்து. குழல் வாயில் வராத புகை எங்காவது போய்த்தானே ஆகவேண்டும். இத்தனை காலம் போன இடம் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். மெர்வின் தன் கடையில் விற்ற மருந்துக்கு மட்டும்தான் புகைந்தார். பக்கத்து ஊரில் வாங்கியதைச் சுட்டால் அவருக்கும் ஒன்றுமில்லை, அந்த ஊர்க் கடைக்காரருக்கும் ஒன்றுமில்லை. இது என்ன ஓரவஞ்சனை என்று மெர்வின் பில்லிங்ஸ் வரை போய் மருத்துவரைப் பார்த்தார். அவர் நுரையீரலைப் படமெடுத்து, சிகரெட்டை விடச் சொல்லி அனுப்பினார். மெர்வின் வாழ்நாளில் சிகரெட் தொட்டவரில்லை.

துப்பாக்கிக் கழகத்துக்கு அவர்தான் நிரந்தரத் தலைவர். தேர்தல் ஒவ்வொரு வருடமும் முறையாக நடக்கும், எதிர்த்து யாரும் நிற்க மாட்டார்கள், அவர் ஒவ்வொரு முறையும் கண் கலங்குவார். லூத்தரன் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துவதும் அவர்தான். நெஞ்சில் இவ்வளவு பதக்கம் குத்திக்கொள்ள எந்தப் போரில் இருந்தார் என்று கேட்பவர்கள் அவர் கடையில் மருந்து வாங்காதவர்களாக இருக்கவேண்டும். அப்படி ஊரில் யாரும் இல்லை.

ட்ரை ஃபோர்க்கில் தோட்டாவை ரெடிமேடாக வாங்குவது கடையில் கேக் வாங்கிப் பிறந்தநாள் கொண்டாடுவது மாதிரி. செய்வார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். சுட்ட காலி உறையைப் பொறுக்கி வந்து, துடைத்து, புது மருந்து அளந்து போட்டு, முனையில் ஈயக் குண்டை அழுத்தி, வீட்டு மேஜையிலேயே செய்துகொள்வார்கள். இதற்கு ஒரே ஒரு வேதவாக்கு உண்டு: மேஜைமேல் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். எல்லா மருந்தும் மேலோட்டப் பார்வைக்குக் கறுப்புக் குருணைதான். ஆனால் ஒன்று நின்று எரியும், ஒன்று பட்டென்று எரியும். அது இதில் கலந்தால் ரைஃபிள் கையிலேயே வெடிக்கும்.

ஐனர் ஹால்வர்சனுக்கு அப்படித்தான் வெடித்தது. வலக்கையில் மூன்று விரலும் ஒரு கண்ணும் போயின. அவர் மனைவி ஆர்டிஸ், மீதி மருந்தை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தபோது குச்சிக் குருணைகளுக்கு நடுவே தட்டைக் குருணைகள் கிடந்தன. அன்று காலைதான் முத்திரை கிழித்த டப்பா அது. மெர்வின் தன் மேஜையில் மிஞ்சியதைத் தப்பான டப்பாவில் கொட்டி, விஷயம் தெரிந்த பிறகும் வீணாக்க மனமில்லாமல், மூடியை ஒட்டி விற்றிருந்தார். ஆர்டிஸ் கழகக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னார். "துக்கத்துல பேசறேம்மா, பரவால்ல, உக்காரு" என்றார் மெர்வின். பிறகு ஐனர் மேஜைமேல் இரண்டு டப்பா வைத்திருந்ததாகத் தீர்ப்புச் சொல்லி, 'ஐனரை நினை, ஒரு டப்பாவே வை' என்று பலகை எழுதிச் சுவரில் மாட்டினார். ஊருக்கு உண்மை எது என்று தெரியாமலில்லை. ஆனால் மருந்துக்கு ஊரில் ஒரே கடை. உண்மைக்கு அதுவும் கிடையாது. பற்பசையைக்கூட அளந்து பிதுக்குகிற மனிதரான ஐனர் அந்தப் பலகைக்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அடுத்தடுத்த குளிர்காலங்களில் ஏதோ ஒன்றில் செத்துப்போனார்.

மெர்வினுக்குப் புகை ஆரம்பித்த வாரமே ஆர்டிஸுக்கு விஷயம் புரிந்தது. தன் கடை மருந்து வெளியே போகாவிட்டால் புகையும் இல்லை என்று மெர்வினுக்கும் புரிந்தது. அவர் 'வரத்து இல்லை' என்று கடையில் எழுதிப் போட்டுவிட்டு, பின்னறையில் டப்பாக்களைக் கூரை வரை அடுக்கிப் பூட்டினார். போர் என்றார், வாஷிங்டன் என்றார், மருந்து செய்யும் ஆலையில் பஞ்சு இல்லை என்றார். விலை ஏறியது. எல்க் மான் வேட்டைப் பருவம் வரும் நேரம். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்லோ பிக்ஸ்பி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்டிஸ் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஐனர் மெர்வின் கடையில் வாங்கி அடுக்கிய மருந்து டப்பாக்கள் அங்கே அலமாரியில் அப்படியே இருந்தன.

"ஒரே ஒரு டப்பா, ஆர்டிஸ். என்ன விலைன்னாலும் சரி. இந்தக் குளிருக்கு உறைபெட்டியில கறி இல்லேன்னா என் பொண்டாட்டி என்னையே வெட்டி வெச்சிடுவா."

"வெச்சா மூணு நாளைக்கு வருவியா நீ? காசு வேணாம், ஆர்லோ. மெர்வின் கடைக்கு எதிர்ல காபி குடிப்பியே, அந்த ஜன்னல் சீட்டுல உக்காந்து நான் கேக்கறப்போ பதில் சொல்லு."

ஊர் ஊராக மனிதர்கள் வேகம் பார்த்தும், இலக்கில் ஓட்டைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பார்த்தும் மருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். கிடைக்காத காலத்தில், கிடைத்ததில் எது ஒத்துவரும் என்று பார்க்கிறார்கள். ஆர்டிஸ் புகையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு டப்பாவாக மேஜைக்கு எடுத்து, தோட்டா செய்து, கொல்லையில் மண்மேட்டைப் பார்த்துச் சுட்டுவிட்டுத் தொலைபேசியை எடுப்பார்.

"எப்படி?"

"சுமார்தான். பால் பொங்கற மாதிரி வெள்ளையா வருது. விசிறிக்கிட்டே வியாபாரம் பண்றான்."

"இது?"

"கொஞ்சம் கனம். கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறான். தும்மல் வேற."

"இது?"

"அடி சக்கை! மஞ்சளா வருது ஆர்டிஸ்! அழுகின முட்டை நாத்தம், ரோட்டைத் தாண்டி எனக்கே அடிக்குது. காபிக் கடையில பாதிப்பேர் எந்திரிச்சாச்சு. இது என்ன சரக்கு?"

பழைய ராணுவ மிச்சம். ஐனர் மலிவாக இருக்கிறதே என்று வாங்கியது. அது கொஞ்சம்தான் இருந்தது என்பதால் ஆர்டிஸ் சிக்கனமாகப் பிரித்துக்கொண்டார்: வார நாட்களுக்கு வெள்ளை, வங்கிக்காரர் வரும்போது கனம், ஞாயிற்றுக்கிழமை காணிக்கை நேரத்துக்கு மஞ்சள். கொடி நாளன்று மெர்வினின் உரையை உள்ளூர் வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. ஆர்டிஸ் வானொலியைக் கொல்லைக்கு எடுத்துப் போய், அவர் 'நேர்மை' என்று சொன்னபோதெல்லாம் ஒரு தோட்டா சுட்டார். அவருக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். கடைசிப் பகுதியை மேடை தெரியாமலே மக்கள் கேட்டார்கள். எல்க் மான்கள் அவரைப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்தே மோந்துவிட்டு வேறு மாவட்டத்துக்குப் போயின. அவர் மனைவி லவோன் அவர் படுக்கையைக் கார் ஷெட்டுக்கு மாற்றினார்.

மெர்வின் கடைசியில் ஆர்டிஸ் வீட்டுக்கு வந்தார். பதக்கங்கள் கறுத்திருந்தன.

"உனக்கு என்னதான் வேணும்? பின்னறை முழுக்க மருந்து இருக்கு. லாரி அனுப்பறேன், மொத்தமா எடுத்துக்கோ."

"எனக்கு மருந்து வேணாம். வருஷ விருந்துல எந்திரிச்சு, ஐனர் டப்பாவுல கலந்தது யாருன்னு ஊர் கேக்கச் சொல்லு."

"சொன்னா விட்டுடுவியா?"

"சொல்லிப் பாரு."

வருட விருந்து மதியத்தில், கழகக் கட்டடத்தில் நடந்தது. ஆர்டிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெளியே சுடுகளத்தில் ஆர்லோ, மடியில் மஞ்சள் தோட்டாக்களோடு, அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மெர்வின் எழுந்து, "நம் நீண்ட பயணத்தில் சிற்சில தவறுகள் நிகழ்ந்திருக்கக்கூடும்" என்று ஆரம்பித்தார். ஆர்டிஸ் கண்ணாடியில் விரலால் தட்டினார். வெளியே ஒரு வெடி, காலரிலிருந்து மஞ்சள். "அதாவது, என் கடைப் பக்கத்திலும் ஒரு கவனக்குறைவு..." தட்டல், வெடி. "நிர்வாகத்தின் சார்பில் வருந்துகிறோம்..." தட்டல், வெடி. உருளைக்கிழங்குக் கூட்டின்மேல் மஞ்சள் மேகம் இறங்கியது. "நான்தான்யா!" என்று கத்தினார் மெர்வின். "நான்தான் கலந்தேன். தெரிஞ்சேதான் மூடிய ஒட்டி வித்தேன். ஐனர் மேல ஒரு தப்பும் இல்ல. போதுமா?" யாரும் முள்கரண்டியைத் தூக்கவில்லை. ஒருவர் எழுந்து போய்ப் பலகையின் திருகாணிகளைக் கழற்றினார். ஆர்டிஸ் இன்னொரு துண்டு ஆப்பிள் பை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீண்ட காலத்துக்குப் பிறகு அவருக்குப் பசித்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் வழக்கம்போலச் சுட்டார். மெர்வின் புகைந்துகொண்டே ஓடி வந்தார்.

"நான்தான் சொல்லிட்டேனே!"

"காதுல விழுந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"சொல்லிப் பாருன்னேன். விட்டுடறேன்னு எப்பச் சொன்னேன்?"

லவோன் பின்னறைப் பூட்டை உடைத்து எல்லா டப்பாவையும் பழைய விலைக்கே விற்றுத் தீர்த்தார். மாவட்டம் முழுவதும் சுட்டது. மெர்வின் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை சீராகப் புகைந்தார். நெடுந்தூரச் சுடுதலுக்குக் காற்றின் திசை பார்க்கக் கட்டியிருந்த கொடிகளைவிட அவர் எவ்வளவோ மேல் என்று கழகம் இரண்டே வருடத்தில் கண்டுகொண்டது. களத்தின் பாதித் தூரத்தில், ஓரமாக, குண்டு படாத மண்சுவருக்குப் பின்னால் அவருக்கு நாற்காலி போட்டார்கள். வெயிலுக்குக் குடையும் கொடுத்தார்கள். தலைவர் பதவியை யாரும் பிடுங்கவில்லை. அதற்கு அவசியம் வரவில்லை. மாநிலப் போட்டி ட்ரை ஃபோர்க்கில் நடந்தபோது வெளியூர்க்காரர்கள், தங்கள் ஊரில் இப்படி ஒரு வசதி இல்லையே என்று குறைப்பட்டார்கள். ஆர்டிஸ் தன் முறை வந்ததும் சுடுவதற்குக் குப்புறப் படுத்தார். சுவருக்கு மேலே புகை கிழக்கே சாய்ந்திருந்தது. ரைஃபிளின் குறிக்கண்ணாடித் திருகை இரண்டு சொடுக்கு மேற்கே திருப்பி, மூச்சை நிறுத்தி, விசையை இழுத்தார். குண்டு இலக்கின் நடுவில் பட்டது.