அம்மா உட்கார்ந்த வரிசை

தையல்காரம்மாவுக்கு நடிக்க வராது என்பது படப்பிடிப்பில் எல்லோருக்கும் முதல் நாளே தெரிந்துபோயிற்று. அதற்கு அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஊர்ப்பட்ட நடிகைகள் இருக்க, செத்துப்போன ஓட்டக்காரியைப் பற்றிய படத்தில் அவளுடைய சொந்த அம்மாவையே பார்வையாளர் வரிசையில் உட்கார வைக்கலாம் என்பது டைரக்டரின் யோசனை. வசனம் கிடையாது, சும்மா உட்கார்ந்து பந்தயத்தைப் பார்த்தால் போதும் என்றார். அதை நம்பித்தான் அவளும் தலையாட்டிவிட்டாள்.

உட்கார்ந்து பார்ப்பது ஒன்றுதான் அவளால் ஆகாத காரியம் என்று அந்த மனுஷருக்கு எப்படித் தெரியும்?

மகள் ஓடிய பந்தயம் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. போகாமல் இல்லை. மெஷினை மூடி வைத்துவிட்டு ஒவ்வொரு மைதானத்துக்கும் முதல் ஆளாகப் போய்விடுவாள். துப்பாக்கி வெடித்ததும் எழுந்து, ஓடுகளத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்களே, அதில் பெற்றவள் கண்தான் பொல்லாத கண் என்பது அவள் கட்சி. சின்ன வயதில் ஒருமுறை, பள்ளிக்கூட ஓட்டத்தில் மகள் முதலாவதாக வருவதை வாயைப் பிளந்து பார்த்தாள். பார்த்த மறு நொடியே பிள்ளை குப்புற விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டது. அன்று திருப்பிய முதுகு அது. கூச்சல் அடங்கிய பிறகு, ஜெயித்தது யார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

மூச்சு வாங்கப் படியேறி வரும் மகள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"பாத்தியாம்மா?"

"கண்ணாரப் பாத்தேன்டி."

மகள் சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொள்வாள். பிள்ளை ஜெயிப்பதற்காகச் சொல்லும் பொய்யில் பாவம் என்ன வந்தது என்று இவளும் நிம்மதியாக இருந்துவிட்டாள்.

ஒரு நாள் விடியற்காலைப் பயிற்சிக்குப் போனவளை லாரி அடித்துப் போட்டது. பயிற்சியாளர் பிற்பாடு பந்தய வீடியோக்களை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். உயிரோடு இருந்தபோது பார்க்காதவளுக்கு இனி என்ன பார்வை வேண்டிக்கிடக்கிறது என்று தன்மேலேயே கோபம் அவளுக்கு. தொடவே இல்லை. அப்படியே டைரக்டரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

மகளாக நடிக்க வந்த நடிகை லேசுப்பட்டவள் இல்லை. மாதக்கணக்கில் மைதானமே கதியாகக் கிடந்தாள். நடந்தாலும் ஓடினாலும் மகளின் இடது முழங்கை வெளியே துருத்தி நிற்கும். கூட்டாளிகள் அவளைக் கோணக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். வீடியோவைப் பார்த்துப் பார்த்து அந்தக் கோணலைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள் நடிகை. ஓட்ட உடைக்கு அளவெடுத்த அன்று, டேப்பைப் பிடித்தபடி தையல்காரம்மா அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எடுத்த அளவு மறந்துபோய் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

முதல் டேக்கில் துப்பாக்கி வெடித்தது. கூட்டம் கத்தியது. தையல்காரம்மா எழுந்து, கேமராவுக்கு அழகாக முதுகைக் காட்டினாள். ஊரையே திட்டும் டைரக்டர் அவளிடம் மட்டும் குரலை உயர்த்தாமல், ஓட்டம் இந்தப் பக்கம் நடக்கிறது என்று எடுத்துச் சொன்னார். அடுத்த டேக்கிலும் அதே கதைதான். தொட்டில் பழக்கமே சுடுகாடு மட்டும் என்னும்போது, இத்தனை வருஷத்துப் பயம் ஒரு நாளில் போய்விடுமா?

மறுபடி எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். இனிமேல் யார்மேல் கண் படப்போகிறது என்ற நினைப்பு அவளுக்கு அப்போதுதான் வந்தது. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழவில்லை.

பார்த்தாள். கோணக்கை ஓடி வந்தாள். என் பிள்ளை இப்படித்தானா ஓடினாள், இவ்வளவு அழகாகவா ஓடினாள்? கடைசி வளைவில், மற்றவர்கள் எல்லைக் கோட்டையே பார்த்து ஓட, நடிகையின் தலை மட்டும் மேலே திரும்பியது. நேராக இந்த வரிசைக்கு. ஒரு நொடிதான், அதற்குள் பக்கத்தில் ஓடியவள் முந்திக்கொண்டாள்.

டேக் ஓகே என்று கைதட்டினார்கள். மேலே ஏறி வந்த நடிகையிடம், ஏன் அப்படித் திரும்பினாய், டைரக்டர் சொல்லிக் கொடுத்தாரா என்று கேட்டாள் தையல்காரம்மா.

"இல்லம்மா. எல்லா வீடியோலயும் அவங்க அப்படித்தான் ஓடறாங்க. கடைசி வளைவுல ஒரு தடவ மேல பாப்பாங்க. அரை அடி போயிடுதுன்னு கோச் எவ்வளவோ திட்டிப் பாத்தாராம், கேக்கலையாம். உங்களத்தான பாத்தாங்க?"

தையல்காரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லா மைதானத்திலும் மகள் திரும்பிப் பார்த்திருக்கிறாள். பார்த்ததெல்லாம் அம்மாவின் முதுகு. அதைப் பார்த்துவிட்டுத்தான் படியேறி வந்து, பாத்தியாம்மா என்று கேட்டிருக்கிறாள். கண்ணாரப் பார்த்தேன் என்ற பொய்யைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தண்ணீர் குடித்திருக்கிறாள். ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லையே, பாவி மகள்.

டைரக்டர் வந்து, பிரமாதமாகச் செய்தீர்கள், கேமராவைப் பக்கத்தில் வைத்து இன்னும் ஒரே ஒரு டேக் என்றார். துப்பாக்கி வெடித்தது. ஓட்டம் கடைசி வளைவுக்கு வருவதற்குள் தையல்காரம்மா எழுந்துவிட்டாள். முதுகு திரும்பவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு, வசனமே இல்லாதவள், தொண்டை கிழியக் கத்தினாள்.

"பாத்துட்டேன்டி! நான் பாத்துட்டேன்டி!"

ஓடிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். அவள் வேறொருத்தி பெற்ற பிள்ளை.