இருநூற்றுப் பதினாலாம் நம்பர்

கேத்ரின் செத்த பிறகும் இருபத்தைந்து வருடம் கொழுந்து பறித்திருக்கிறார் என்று ஹட்டன் வகுப்பில் கம்ப்யூட்டர் சொன்னபோது, அவருடைய மகன் பத்திநாதன் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அம்மா செய்யக்கூடியவர்தான். அவர் வருகிறார் என்று தெரிந்தால் தேயிலைச் செடிகள் பயந்துபோய் முதல்நாளே தளிர்விட்டு வைத்திருக்கும். அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் இதை நம்பாதவர் கிடையாது. நம்பாதவர்களை எப்போதோ பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் பட்டியலில் டோரீனைக் காணோம். டோரீன் அவருடைய மனைவி. அந்த நேரம் தோட்டத்து லயத்து வீட்டில் உயிரோடு ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பார்.

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் பத்திநாதனை ஐம்பத்தெட்டாவது வயதில் பவர் பிஐ என்ற கம்ப்யூட்டர் கணக்கு படிக்க அனுப்பியிருந்தார் துரை. ஆள்கணக்கு எழுதிய பழைய செக்ரோல் புத்தகங்களைப் பார்த்துப் பத்திநாதனே இரண்டு அட்டவணைகளைத் தட்டி ஏற்றியிருந்தார். ஒன்றில் ஆட்களின் நம்பரும் பெயரும். மற்றதில் நம்பர், தேதி, கிலோ. நம்பரை வைத்து இரண்டையும் இணைத்தால், ஆயுசுக்கும் அதிகம் கொழுந்து எடுத்தவர் யார் என்று தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து விழாவில் அந்தப் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். அது தன் பெயர்தான் என்று டோரீன் புதுச்சேலைக்குச் சட்டைகூடத் தைத்துவிட்டார்.

இணைப்புக் கோடு முதலில் விழவேயில்லை. யாழ்ப்பாணத்து ஜெகதீஸ்வரி டீச்சர்தான் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"ஐயா, பெயர் அட்டவணையிலை 214 ரெண்டு தரம் கிடக்குது. அங்கை ஒரு இலக்கம் ஒருக்காத்தான் வரலாம். ரெண்டாவதை எடுத்துவிடுங்கோ."

எடுத்துவிட்டார். கோடு விழுந்தது, டோரீன் போய்விட்டார். அந்தத் தோட்டத்தில் மாமியார் விட்ட நம்பரை மருமகள் எடுப்பது வழக்கம். கூடையும் அப்படித்தான் வரும். ஒரே அடுப்பில் உலை வைக்காத இரண்டு பேரை ஒரே வரிக்குள் குடிவைத்துவிட்டார் பத்திநாதன்.

வீட்டில் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.

"ஏங்க, இருபத்தஞ்சு வருசம் நான் அட்டைக்கு ரத்தம் குடுத்தது ஒங்க அம்மா பேருலயா? செத்தும் விடமாட்டாங்களா?"

"மெசினுக்கு ஒங்க சண்டை தெரியாதுல்ல, புள்ள."

மறுவாரம் டீச்சர் வழி சொன்னார். வேறு யாருக்கும் வராத புது இலக்கம் ஒன்றை ஆளுக்கு ஆள் கொடுக்க வேண்டும். கொழுந்து வரிகளிலும் தேதி பார்த்து அதையே போட வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆபீஸ் லெப்டொப்பை வீட்டு மேசையில் வைத்து முடித்தார். முதலிரண்டு இடமும் அந்த வீட்டுக்கே. டோரீன் முன்னால், மாமியார் பதினாறு கிலோ பின்னால். இதை நம்பாதவர்களுக்கும் பஸ் இருக்கிறது.

ஒரே ஒரு வரி மட்டும் பாக்கி நின்றது. 1998 மார்ச் 12. நம்பர் 214. இருபத்து மூன்று கிலோ.

அன்று பதினொரு மணிக்கு, நாலாம் நம்பர் மலையில் பாதி நிரையில் கேத்ரின் உட்கார்ந்தார். தேத்தண்ணி கொண்டுபோன டோரீன்தான் பார்த்தார். ஆட்கள் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, "நிரைய முடிச்சிட்டு வா" என்றாராம் கேத்ரின். டோரீன் கூடையை மாட்டினார், முடித்தார், மடுவத்துத் தராசில் நிறுத்தார். வீட்டுக்கு வந்தபோது தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிந்தது.

"அந்த இருபத்து மூண யாருக்குப் புள்ள போட?"

டோரீன் மாவுக் கையோடு வந்து நின்றார்.

"பிரிக்க முடியாதா?"

"ஒரு வரிக்கு ஒரு ஆளைத்தான் எடுக்கும்."

"அவங்களுக்குப் போட்டா?"

"அம்மா ஏழு கிலோ முன்னுக்கு."

"சட்ட வேற தச்சாச்சு" என்றார் டோரீன். மாவுக் கையைச் சேலையில் துடைத்தார். "கூடைய மாட்டுறப்ப பாதிக்கு மேல இருந்துச்சுங்க. கொழுந்து அவங்க முதுகுச் சூட்டோட இருந்துச்சு."

கதவடியில் மூடுபனி ஏறி நின்றது. திரையில் அந்த ஒரு கட்டம் வெறுமையாக மினுங்கிக்கொண்டிருந்தது. டோரீன் குனிந்தார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பழக்கத்தில் தாமாகவே சேர்ந்து, தளிரைப் பிடிப்பதுபோல் அந்தக் கட்டத்தைப் பிடித்தன, கிள்ளாமல், அப்படியே.