ஒலிக்காத கருவி

கிழக்கு மலையின் தோளில் ஏறிய கதிரவன், பழுக்கக் காய்ச்சிய இரும்பென ஒளிர்ந்து, அடிவாரத்து நிலக்கரிச் சுரங்கத்தின் கரிபடிந்த வாயிலையும், ஆற்றின் மறுகரையில் அடுக்கடுக்காய் உயர்ந்த பல்கலைக்கழகப் பொறியியல் துறையின் கண்ணாடிச் சாளரங்களையும் ஒருசேரத் தீண்டிய காலைப்பொழுது அது. அவ்வேளையில், அறிவார்ந்த படிப்பாளரே, ஐந்து தொழிலாளர் சுரங்கத்துள் இறங்கினர். முன்சென்ற மேற்பார்வையாளரின் இடைவாரில், நச்சுவளி கண்டால் அலறி அறிவிக்கும் சிறு கருவியொன்று தொங்கியது. அதனை ஆக்கியவள் அவருடைய ஒரே தங்கை.

இளமையிலேயே பெற்றோரை இழந்த அவளை, கரி ஏறிய கைகளால் சோறூட்டி வளர்த்துப் பொறியியல் படிக்கவைத்தவர் அவ்வண்ணனே. மூன்றாண்டுகள் துறையின் ஆய்வுக்கூடத்தில் உழைத்து, உள்ளங்கையில் அடங்கும் அக்கருவியை அவள் செய்துமுடித்தபோது ஆசிரியரும் மாணவரும் வியந்தனர். ஆயினும் அஃது இம்மியளவு நச்சுவளிக்கும் வீறிட்டது. நாட்டின் உயர்பரிசுக்குரியதைத் தேரும் நடுவர் வருநாள் நெருங்கவே, துறைத்தலைவர் அவளைத் தம் அறைக்கு அழைத்தார். தொட்டதற்கெல்லாம் கத்தும் கருவியை நடுவர் எள்ளுவரே என்று வருந்தியவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“எந்த அளவுல கத்தணும்னு வெச்சிருக்கியோ, அத கொஞ்சம் ஏத்தி வைம்மா. பரிசு கைக்கு வந்ததும் பழையபடி மாத்திக்கலாம்.”

மாற்றினாள். பரிசும் வந்தது, மாலைகள் விழுந்தன, நாளேடுகள் துறையின் புகழ் பாடின. அக்களிப்பிடையே, மாற்றிய அளவோடே இருபது கருவிகள் செய்யப்பட்டுச் சுரங்கத்துக்குச் சென்றுவிட்டதை அவள் மூன்றாம் வாரத்தில்தான் அறிந்தாள். உடனே திரும்பப்பெற வேண்டி மன்றாடினாள். துறையின் மானம் கப்பலேறிவிடும், சற்றே பொறு என்றார் தலைவர். அண்ணனுக்கேனும் அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால், தங்கை செய்ததென்று கண்டவரிடமெல்லாம் அதனைக் காட்டி மகிழ்ந்த அவர் முகம் வாடுமே என்று அஞ்சி, விடுமுறையில் நேரில் சொல்வோமென நாளைத் தள்ளினாள். அவ்விடுமுறைக்கு இரு நாள் முன்னர் விடிந்ததே நாம் கண்ட காலை.

நண்பகலுக்குள் மூன்று உடல்கள் மேலே வந்தன, அண்ணனுடையது இறுதியாக. கருவி தனக்குக் குறித்த எல்லைப்படியே இயங்கியது, அதில் பழுதில்லை என்று ஆராய வந்த குழு எழுத முற்பட்டது. துறைத்தலைவர் மூச்சு விட்டார். வாய் திறவாதிருப்பதே அவளுக்கு நலம் என்றும் அறிவுறுத்தினார்.

ஒன்பதாம் நாள் அவள் அண்ணியிடம் சென்று, ஒன்றும் மறையாமல் யாவும் உரைத்தாள். கணவரின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த அண்ணி, கையை நிறுத்தாமலே கேட்டாள், இறுதிச் சட்டையையும் மடித்து வைத்தபின் பேசினாள்.

“தப்பிச்சு வந்தவங்கள்ல ஒருத்தரு சொன்னாரு. கூடப் போனவங்கள்ல ஒருத்தரு தலை சுத்துதுன்னு பாதி வழியில நின்னாராம். ‘என் தங்கச்சி செஞ்சது கத்தல, பயப்படாம வா’ன்னு உங்க அண்ணன்தான் கூட்டிட்டுப் போனாராம். அந்த மனுசனும் செத்துட்டாரு. இது உனக்குத் தெரியணும்.”

மறுநாளே அவள் அளவை மாற்றியது பதிந்திருந்த தன் ஆய்வுக் குறிப்பேட்டைக் குழுவின்முன் வைத்து, குற்றவாளியரின் வரிசையில் தன் பெயரையே முதலாவதாக எழுதிக் கையொப்பமிட்டாள். கருவிகள் இருபதும் மீட்கப்பட்டன. அவள் பணியிழந்தாள், தலைவரோ வேறொரு பல்கலைக்கழகத்தில் இன்னும் உயர்ந்த இருக்கை பெற்றார். அண்ணி அதன்பின் அவளோடு பேசவில்லை.

சிலநாளைக்கு மட்டும் என்று பொய்யை ஏற்பவர், அதன் நாள்களைத் தாமே அளப்பதாக எண்ணுகின்றனர். அதன் அளவோ, தாம் அறியாத பிறருடைய மூச்சில் முடிகின்றது.