இஸ்க்ரா தரையில் விட்ட சந்து

இஸ்க்ரா தன் பழைய வீட்டுவண்டியின் தரையை முழுதாகப் பெயர்த்தெடுத்த மறுநாள், அளவு நாடாவை எடுக்க உள்ளே போனவள், தரை இல்லை என்பதை மறந்து பாதி வண்டிவரை நடந்துவிட்டாள். கீழே புல் தெரிந்தது. புல்லில் பக்கத்து வீட்டுக் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. கோழிக்கு மேலே, முன்பு தரை இருந்த அதே உயரத்தில், அவளுடைய ரப்பர் செருப்புகள் நின்றன.

"அக்கா, கீழ பாக்காத!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான் வெல்டர் பெஞ்சோ. "தரை இல்ல!"

"தரையைப் பேத்தவளே நான்தான். எனக்கே சொல்றியா?" என்று கேட்டுவிட்டு இஸ்க்ரா அலமாரியிலிருந்து நாடாவை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

அவள் எங்கள் லோம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவள். டான்யூப் நதிக்கு மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு, காலுக்கடியில் ஒன்றும் இல்லாதது பெரிய விஷயமில்லை. அவள் கணவன் வெலிச்கோ மாவட்டக் கால்பந்தில் நடுவராக இருந்தவன். பார்வையாளர்களின் வசவுகளுக்கு நடுவே வயதை மீறி ஓடிக்கொண்டிருந்தவன், ஒரு ஜூன் மாதம் செர்ரி மரத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் கேட்டது ஒன்றுதான், கருங்கடல். அவனையும் சக்கர நாற்காலியையும் சேர்த்து ஏற்றிக்கொள்ள எந்தப் பேருந்துக்கும் மனமில்லாததால், ஜெர்மனியில் ஓடிக் களைத்த ஒரு வீட்டுவண்டியை இஸ்க்ரா வாங்கி முற்றத்தில் நிறுத்தினாள். வெளியே பளபளவென்றிருந்தது. உள்ளே கதவருகே கால் வைத்ததும் தரை பஞ்சுபோல் அமுங்கியது. வினைல் விரிப்பைக் கிழித்தாள். அடியில் ப்ளைவுட் கறுத்து, தட்டினால் உதிர்ந்தது. அதற்கும் அடியிலிருந்த தெர்மோகோல் பாலில் ஊறிய ரொட்டியைப் போலக் கையோடு வந்தது. பக்கத்தில் நாற்காலியில் இருந்தபடி வெலிச்கோ மஞ்சள் அட்டை காட்டிக்கொண்டிருந்தான், உளியைத் தவறாகப் பிடித்ததற்கு ஒன்று, அவனை முறைத்ததற்கு ஒன்று. கடைசியில் குறுக்கு இரும்புச் சட்டங்கள் மட்டும் மிஞ்சின.

தரையில்லாத தரையைப் பார்க்க ஊரே வந்தது. பாதிரியார் ஒருமுறை குறுக்கே நடந்து பார்த்து, தன் எடைக்கே தாங்குகிறது என்று சொல்லிவிட்டு வேறு கருத்து எதுவும் சொல்லாமல் போனார். ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். பொருள்கள்தாம் விழுந்தன. பெஞ்சோ வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரக்கியாச் சாராயம் நிறைந்த கோப்பையைப் பக்கத்தில் வைத்தான். அது நேராகப் புல்லில் போய் விழுந்தது. அன்றைக்கு லோமில் யாரும் வேறு எதற்கும் அவ்வளவு வருத்தப்படவில்லை. இஸ்க்ரா சுத்தியலையும் ரம்பத்தையும் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டு, துருவைச் சுரண்டிச் சட்டங்களுக்கு வண்ணம் பூசினாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தக்காளி நடும் காலம் வந்ததும் கலைந்துபோனார்கள்.

பிறகு ஒரு மதியம், அக்ரூட் காய் அளவுக்கு ஆலங்கட்டி விழுந்தது. வெலிச்கோ முற்றத்து நடுவில் தலையில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டு வாசலில் படிகள். வண்டிக்குத்தான் சாய்பலகை இருந்தது. இஸ்க்ரா யோசிக்காமல் நாற்காலியைப் பலகைமேல் தள்ளி உள்ளே ஏற்றினாள். நாற்காலி பொருள்தானே, அது சட்டங்களுக்கு நடுவே புல்லில் விழுந்தது. வெலிச்கோ விழவில்லை. தலையில் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

"இஸ்க்ரா," என்றான், "நான் நிக்கிறேனா, நீ பிடிச்சிருக்கியா?"

"நான் வாசல்ல நிக்கிறேன்யா. ரெண்டு கையும் இங்க இருக்கு பாரு."

அவன் படுக்கைவரை நடந்தான். திரும்பி வந்தான். மறுபடி போனபோது முதுகைக் காட்டாமல், ஆட்டக்காரர்களைப் பார்த்தபடி பின்னோக்கி ஓடும் நடுவர்களின் ஓட்டம் ஓடினான். ஆலங்கட்டி நின்றதையும், முற்றத்தில் மிளகாய்ச் செடிகள் எல்லாம் அழிந்துபோனதையும் இருவரும் கவனிக்கவில்லை.

ஒரே ஒரு தடவை இறக்கிப் பார்த்ததோடு சரி, கோடை முழுவதும் அவன் வண்டியை விட்டு இறங்கவில்லை. புல்லில் கால் பட்டால் கால் செத்துவிடும். உள்ளே போனால் உயிர் வரும். இஸ்க்ரா சோதனைக்காக அடுப்படியில் ஒரு பலகையைப் பொருத்தினாள். அதில் அடி வைத்ததும் அலமாரியைப் பிடித்தபடி மடிந்து விழுந்தான்.

"இதுக்கு மேல ஒரு பலகையும் போடக் கூடாது," என்றான். "நீ தரை போட்டா நான் மறுபடி மூட்டை. தூக்கிட்டுத் திரிவியா?"

"போடலன்னா அடுப்பை எதுல வைக்கறது? தண்ணித் தொட்டியை? எல்லாத்தையும் கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்கேன். ரோட்டுல முதல் பள்ளத்துலயே எல்லாம் கொட்டிப்போகும்."

"அப்ப இங்கயே நிக்கட்டும்."

"கடலு?"

வெலிச்கோ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எத்தனையோ மைதானங்களில் வசவு வாங்கி அசையாத மனிதனின் தோள் குலுங்குவதை இஸ்க்ரா பார்த்தாள். இறங்கிப் போய்க் கொட்டகையில், அடுக்கி வைத்திருந்த புதுப் பலகைகள்மேல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கோபத்தில் தான் சொன்னதையே திரும்ப நினைத்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு வழி தெரிந்தது. தரை கேட்டது அடுப்பும் தொட்டியும்தான். மனிதன் கேட்கவில்லை.

அவள் செய்த வேலையை லோமின் தச்சர்கள் இன்றும் போய்த் தடவிப் பார்க்கிறார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து படுக்கைவரை ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்குச் சந்து விட்டு, இரண்டு பக்கமும் தரை போட்டாள். மரச்சட்டம், அவற்றுக்கிடையே இடுக்கில்லாமல் நறுக்கிய தெர்மோகோல், மேலே ப்ளைவுட், அதன்மேல் சாம்பல் நிற வினைல். பழைய தரையைத் தின்ற ஈரம் இதையும் தின்றுவிடாதபடி, சந்தின் ஓரங்களில் ஒவ்வொரு விளிம்புக்கும் பிசின் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, ஓக் மரப்பட்டி வைத்து அடைத்தாள். ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் நின்றது. முடித்த அன்று வெலிச்கோ சந்தில் கடைசிவரை நடந்து போய், விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, சட்டைப் பையிலிருந்த மஞ்சள் அட்டையை எடுத்துக் கிழித்துப் போட்டான். துண்டுகள் சந்து வழியாகப் புல்லில் விழுந்தன.

வாகனப் பரிசோதனை நிலையத்தில் ஜெலியாஸ்கோவ் என்ற கண்டிப்பான ஆள் இருந்தார். வண்டிக்கு அடியிலிருந்த குழிக்குள் இறங்கி விளக்கைத் தூக்கிப் பிடித்தவர், மேலே வெலிச்கோவின் உள்ளங்கால்களைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். இஸ்க்ரா குழியின் விளிம்பில் குனிந்து நின்றாள்.

"சாக்ஸ்ல ஓட்டை," என்றார், குழியிலிருந்து ஏறிவந்து. "தரையில குறை ஒன்னுமில்ல. ஓரம் யார் அடைச்சது?"

"நான்தான்."

"நல்லா அடைச்சிருக்க, தாயே," என்று முத்திரையைக் குத்தினார்.

செப்டம்பரில் கிளம்பினார்கள். இஸ்க்ரா ஓட்டினாள், வெலிச்கோ அவள் உட்காரச் சொல்லியும் உட்காராமல் வழி முழுதும் சந்தில் நடந்துகொண்டே வந்தான். அவன் காலடியில் நாடு பின்னோக்கி ஓடியது. சூரியகாந்தி அறுத்த வயல்களுக்கு நடுவே போகும் வெடித்த தார், பால்கன் மலைச் சுரங்கங்களின் ஈரம், ரோஜாப் பள்ளத்தாக்கின் செம்மண், பாலங்களில் திடீரென்று வெகு ஆழத்தில் ஒரு சின்ன ஆறு. ஸ்லிவனுக்கு அப்பால் அவள் களைத்துப்போய் வண்டியை ஓரமாக நிறுத்தியபோது, இன்னும் கொஞ்ச தூரம் போகலாமே என்று அவன்தான் கெஞ்சினான். அக்தொபோலில் மணலை ஒட்டி நிறுத்தி, பின்கதவைத் திறந்து அவனுக்குக் கடலைக் காட்டியபோது அவன் படுக்கையில் சாய்ந்து இரண்டு கால்களையும் தூக்கி வைத்திருந்தான். குதிகால்களில் பெரிய பெரிய கொப்புளங்கள். வலிக்கிறது, வலிக்கிறது என்று சிரித்தான்.

இஸ்க்ரா மருந்துக்கடையைத் தேடிப் போய்க் கொப்புளத்துக்குக் களிம்பு கேட்டாள்.

"எப்படி ஆச்சு?" என்று கேட்டாள் கடைக்காரி.

"என் வீட்டுக்காரர் லோம்லேர்ந்து நடந்து வந்தாரு."

கடைக்காரி களிம்பை எடுத்து வைத்தாள். "அவ்ளோ தூரம் நடந்தா பின்ன வராதா? ராத்திரி உப்புத் தண்ணில கால வெச்சிருக்கச் சொல்லுங்க. திரும்பிப் போறப்ப கெட்டி சாக்ஸ் போட்டுக்கட்டும்."