ஏலாத மனுசன்

இரண்டாம் முறையும் அரப்பு வைத்துத் தேய்த்தார்கள். பின்வளவில் நான்கு பக்கமும் சேலை கட்டி மறைத்த இடத்தில், வாங்குப் பலகையில் கிடத்தியிருந்த, விடியப்புறம் செத்துப்போன தாயின் தலையை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்திருந்தாள் தயாளினி. பக்கத்து வீட்டு உதயகலா செம்பால் தண்ணீர் வார்த்தாள். நுரை வழிந்து போனது. நரைத்த முடி மெத்தென்று விரல்களுக்குள் வந்தது. தயாளினி குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னும் மணக்குது அக்கா."

"என்ன மணம்?"

"சிகரெட்."

உதயகலா செம்பை வாளிக்குள் போட்டுவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "சும்மா இரு பிள்ளை. அரப்பு மணம்தான் வருது. துடை, ஆக்கள் வரத் துடங்கீட்டினம்."

தாய் சிவக்கொழுந்து தன் ஆயுளில் ஒரு சிகரெட்டை விரலால் தொட்டவளில்லை. ஆனால் அவளுடைய தலையணையில் அந்த மணம் இருந்தது. அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்த கூறைச்சேலையிலும் இருந்தது. அது அவள் புருஷனுடைய மணம். பரமலிங்கம் நீர்வேலி வாழைக்குலைகளைச் சந்தைகளுக்கு ஏற்றி இறக்கும் சின்ன லொறி ஒன்றை முப்பது வருஷமாக ஓட்டியவர். லொறிக்குள் புகைத்தார். குசினி வாசலில் குந்தியிருந்து, அவள் தேங்காய் துருவுவதைப் பார்த்தபடி புகைத்தார். இரவில் கட்டிலில் சாய்ந்துகொண்டு அவள் முகத்துக்கு நேரே புகைத்தார். அவள் இருமினால் கையால் புகையை விசிறிவிடுவார். அதுதான் அவர் காட்டிய கரிசனை.

யாழ்ப்பாணத்தில் நெஞ்சுநோய் டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி தயாளினிக்கு மறக்கவில்லை.

"வீட்டிலை ஆர் சிகரெட் பத்துறது?"

"ஒருத்தரும் இல்லை டொக்டர்" என்றாள் தாய், அவர் கேட்டு முடிக்குமுன்பே. "அடுப்புப் புகையாத்தான் இருக்கும்."

வீட்டுக்குக் காஸ் அடுப்பு வந்து எத்தனையோ காலம். தயாளினி வாயைத் திறக்கப் போனாள். மேசைக்குக் கீழே தாயின் கை அவளுடைய தொடையை இறுக்கிப் பிடித்தது. கதவோரம் நின்ற பரமலிங்கம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மெல்லிய சட்டைப்பைக்குள் சிகரெட் பெட்டியின் மூலை தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் முழுவதும் தாய் சுருங்கிச் சுருங்கி, இன்று விடியப்புறம் மகளின் தோளில் சாய்ந்தபடி ஒரு மூச்சை இழுத்தாள். அதை அவளால் வெளியே விட முடியவில்லை.

உடலைத் துடைத்துச் சேலை உடுத்திக் கூடத்தில் கிடத்தினார்கள். முற்றத்தில் பந்தல் எழும்பியது. பிரான்சில் இருந்த அண்ணன் சுதாகரனால் வர முடியாது என்று தெரிந்ததால், பின்னேரமே எடுப்பது என்று முடிவாயிற்று. சித்தப்பா ஓடித் திரிந்து வாடகைக் கதிரைகளைப் போடுவித்தார். பிறகு செத்தவீட்டு வழக்கப்படி ஒரு தட்டத்தில் வெற்றிலையும் சீவலும் சுருட்டும் சிகரெட்டும் பரப்பி, வருகிறவர்களுக்கு நீட்டிக்கொண்டு போனார்.

தயாளினி தாயின் தலைமாட்டில் இருந்தபடி யன்னலூடாக அந்தத் தட்டத்தைப் பார்த்தாள். புகையால் செத்தவளின் வீட்டில், அவளைப் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுக்கிற உபசாரம் அது. எழும்பிப்போய்த் தட்டித்தள்ள வேண்டும்போல் கை பரபரத்தது. அப்போதுதான் தட்டம் தகப்பனுக்கு முன்னால் போய் நின்றது.

"அண்ணை, எடுங்கோவன்."

பரமலிங்கம் தலையை ஆட்டினார்.

"ஏன்? ஒண்டைப் பத்துங்கோ, மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

"வேண்டாமடா. விட்டிட்டன்."

"என்னத்தை?"

"உந்தச் சிகரெட்டைத்தான். காலமை அவவின்ரை காலைத் தொட்டு விட்டிட்டன்."

சித்தப்பாவின் கண்கள் கலங்கின. தட்டத்தைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். கையிலிருந்த போனை உயர்த்திப் பிடித்தார். அதற்குள் சுதாகரன் அழுது வீங்கிய முகத்தோடு இருந்தான்.

"தம்பி, கேட்டியே? கொப்பர் சிகரெட்டை விட்டிட்டார். கொம்மாவின்ரை காலைத் தொட்டுச் சத்தியம் பண்ணினவராம். விடியத் துவங்கி ஒண்டும் தொடேல்லை."

"அப்பா…" போனுக்குள் சுதாகரனின் குரல் உடைந்தது. "நீங்கள் பெரிய ஆள் அப்பா."

கதிரைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழும்பி வந்து பரமலிங்கத்தின் தோளில் கை வைத்தார். "முப்பது நாப்பது வருசப் பழக்கத்தை ஒரு நிமிசத்திலை விடுறதெண்டால் சின்ன விசயமே? அதுக்கெல்லாம் ஒரு மனத்திடம் வேணும்." இன்னொருவர், "மனுசியிலை எவ்வளவு பட்சம் இருந்திருந்தால் உது வரும்" என்றார். பரமலிங்கம் துவாயால் கண்ணைத் துடைத்தார்.

தாய்க்கு விசிறிக்கொண்டிருந்த தயாளினியின் கை நின்றது.

ஏலும். அப்பாவுக்கு ஏலும்.

அவள் டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். அங்கிருந்து நிக்கொட்டின் சூயிங்கம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். மென்று துப்பிவிட்டு, "மனம் இல்லாதவனுக்கு மருந்து என்ன செய்யும் பிள்ளை?" என்றவர் அவர். நல்லூர்த் திருவிழாவுக்கு மச்ச மாமிசம் விட்டபோது சிகரெட்டையும் விடுகிறேன் என்று தொடங்கி, கொடியேற்றத்துக்கு அடுத்த நாளே லொறிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பிடித்தவரும் அவர்தான். டொக்டரிடம் போய் வந்த பிறகும் ஒருமுறை முயன்றார். ஒரு பகல் போனது. பின்னேரம் சாப்பாட்டுக் கோப்பையைச் சுவரில் எறிந்தார். தலையைக் கதவுநிலையில் மோதினார். குழந்தையைப்போல விம்மி விம்மி அழுதார். "என்னாலை ஏலாது கொழுந்து. நான் என்ன செய்ய? எனக்கு அந்த மனம் இல்லை."

கட்டிலில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்த தாய் மகளைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"பிள்ளை… சந்திக்கடையிலை ஒரு பெட்டி வாங்கிக் குடு."

"அம்மா, உங்களுக்கு விசரே?"

"மனுசன் துடிக்குது. என்னாலை பாக்கேலாமல் கிடக்கு."

தயாளினி சைக்கிளில் போய் வாங்கி வந்தாள். தன் கையாலேயே கொடுத்தாள். அன்றைக்கு அவள் தகப்பனை மன்னித்துவிட்டிருந்தாள். சிலருக்குப் பிறப்பிலேயே கால் வழங்காது, இவருக்கு மனம் வழங்காது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முடவனைக் கோபித்து என்ன பிரயோசனம்? வீட்டில் தாயும் இரண்டு பிள்ளைகளும் அந்த முடத்தைச் சுற்றியே நடக்கப் பழகியிருந்தார்கள். இப்போது தோளில் சுமந்துவந்த முடவன் திடீரென்று இறங்கித் தன்பாட்டில் நடந்து போகிறான். சுமந்தவள் செத்துக் கிடக்கிறாள்.

அவள் எழும்பிக் குசினிக்குப் போனாள்.

தேத்தண்ணியைச் சாயம் கூடவாக, அவருக்குப் பிடித்த மாதிரிப் போட்டாள். வாழ்நாளில் ஒரு தேத்தண்ணியையும் அவர் சிகரெட் இல்லாமல் குடித்ததில்லை. பந்தலுக்கு வந்தபோது தட்டத்திலிருந்து ஒரு சிகரெட்டையும் லைற்றரையும் எடுத்தாள். இரண்டையும் கோப்பையின் பக்கத்தில் பீரிசுத் தட்டில் வைத்துத் தகப்பனுக்கு முன்னால் நீட்டினாள்.

"தேத்தண்ணி, அப்பா."

பரமலிங்கம் பீரிசைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"நான் விட்டிட்டன் பிள்ளை."

"கேட்டனான். ஒருநாளும் இல்லாத மாதிரி இருக்கு. கஷ்டமா இருக்கும், எடுங்கோ."

குரல் மெதுவாகத்தான் இருந்தது. பார்த்தவர்களுக்கு மகள் தகப்பனை ஆற்றுகிறாள் என்றுதான் பட்டிருக்கும். அவர் கோப்பையை மட்டும் எடுத்தார். தயாளினி நகரவில்லை. பீரிசைப் பிடித்தபடி அவருக்கு முன்னால் குந்தினாள். அவர் ஒரு மிடறு குடித்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது. வலது கை தானாகவே மடியிலிருந்து எழும்பிப் பாதி தூரம் வந்தது.

எடுங்கோ, என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். எடுத்துப் பத்துங்கோ. உங்களாலை ஏலாது எண்டு காட்டுங்கோ. காட்டினால் நான் எல்லாத்தையும் விட்டிடுறன்.

கை திரும்பவும் மடிக்குப் போனது. முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அவள் சிகரெட்டை எடுத்து லைற்றரைத் தட்டினாள். நுனியை நெருப்பில் பிடித்தாள். அது சரியாகப் பற்றாமல் கரிந்து புகைந்தது. அந்தப் புகையை அவருடைய மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"மணந்து பாருங்கோ அப்பா. இந்த மணம்தான் அம்மாவின்ரை தலையிலை. நான் ரெண்டுதரம் கழுவினன், போகேல்லை."

பரமலிங்கம் கண்ணை மூடினார். வாய் திறக்கவில்லை.

"பிள்ளை!" சித்தப்பா ஓடிவந்து அவள் கையிலிருந்ததைப் பறித்து மிதித்தார். "சபையிலை என்ன வேலை உது? உனக்குத் துக்கத்திலை புத்தி பேதலிச்சுப் போச்சு. போ, உள்ளை போ."

தயாளினி எழும்பி உள்ளே போனாள். தகப்பன் தோற்கவில்லை. ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் தாங்கிவிட்டார். தாய் இழுக்கமாட்டாமல் இழுத்த மூச்சுகள் எல்லாம் அவள் காதுக்குள் ஒன்றாகச் சேர்ந்து கேட்டன.

பறை முழங்கியது. ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். பரமலிங்கம் போட்டபோது கூடியிருந்தவர்கள் வாய்விட்டு அழுதார்கள். தயாளினி அழவில்லை. பிரேதப் பெட்டியைத் தூக்கியபோது உதயகலா அவளைக் கட்டிப்பிடித்தாள். அவள் மரம்போல நின்றாள். கொள்ளி வைக்கிற பொறுப்பு சுதாகரனுக்குப் பதிலாகச் சித்தப்பாவின் மகன் கோபிசங்கருக்கு. ஆம்பிளைகள் எல்லோரும் பெட்டிக்குப் பின்னால் ஒழுங்கையில் நடந்தார்கள். சுதாகரனின் முகம் தெரிந்த போனும் அவர்களோடு ஆடிக்கொண்டு போனது.

பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். தயாளினி தகப்பனும் தாயும் படுத்த அறையைத் தானே கழுவினாள். பின்சுவரில், அவர் சாய்ந்திருக்கும் பக்கத்தில், சுண்ணாம்பு மஞ்சள் பிடித்திருந்தது. தேங்காய்த்தும்பால் உரஞ்சினாள். பழுப்புத் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. கை எரியும்வரை உரஞ்சினாள்.

பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் சுடலையால் திரும்பி வந்து கிணற்றடியில் முழுகினார்கள். மற்றவர்கள் பந்தலுக்குப் போய்விட்டார்கள். பரமலிங்கம் ஈரத் துண்டோடு அறைக்குள் வந்து, கட்டிலில் இருக்க மனமில்லாமல் கதிரையில் இருந்தார். உடம்பு முழுக்க நடுங்கியது. குளிரா, சிகரெட்டுக்கான தவிப்பா என்று சொல்ல முடியாது. தயாளினி வாசலில் நின்றாள்.

"அப்பா, ஒண்டு கேக்கிறன். ஆரும் இல்லை, உண்மையைச் சொல்லுங்கோ. இண்டைக்கு எப்பிடி ஏலுமாப் போச்சு?"

துண்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தெரியேல்லை பிள்ளை" என்றார் கடைசியில். "நான் துடிச்சால் அவ துடிப்பா. உடனை எழும்பி ஏதாவது செய்வா. இப்ப… நான் துடிச்சால் பாக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?"

சொல்லிவிட்டு, தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் கேட்டவர்போல வாயைப் பொத்திக்கொண்டார்.

தயாளினி கிட்டப் போனாள். கொடியில் கிடந்த காய்ந்த துவாயை எடுத்து அவருடைய தலையைத் துவட்டினாள். மெதுவாக, காதுமடல்வரை, ஒரு நோயாளிக்குச் செய்கிற மாதிரி.

"நான் இருக்கிறன் அப்பா. நான் பாக்கிறன்."

அவர் நிமிர்ந்தார்.

"இனி ஒருநாளும் நீங்கள் அதைத் தொடக்கூடாது. நெஞ்சு நல்லா வெளிச்சு வரும். இருமல் நிக்கும். அம்மாவுக்கு இல்லாத மூச்செல்லாம் உங்களுக்கு வரும். நீங்கள் கனகாலம் இருக்கோணும். எண்பது, தொண்ணூறு மட்டும் இருக்கோணும். இந்த அறையிலை, இந்தக் கட்டில்லை. நான் எங்கையும் போகமாட்டன். ஒவ்வொரு நாளும் உங்களைப் பாத்துக்கொண்டிருப்பன்."

அது கரிசனை இல்லையென்று பரமலிங்கத்துக்கு விளங்கிவிட்டது.

வாசலில் விசும்பல் கேட்டது. உதயகலா இடியப்பத் தட்டோடும் சொதிச் சட்டியோடும் நின்றாள். செத்தவீட்டில் சமைப்பதில்லையென்று தன் வீட்டில் அவித்துக்கொண்டு வந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

"கேட்டியளே அண்ணை, பிள்ளை சொன்னதை? இப்பிடி ஒரு பிள்ளை கிடைக்கக் குடுத்து வைச்சிருக்கோணும்." மேசையில் சாப்பாட்டை வைத்துவிட்டு, மூக்கைச் சிந்தியபடி மற்றவர்களுக்கும் சொல்லப் போனாள்.

தயாளினி சாப்பாட்டுக் கோப்பையில் நாலு இடியப்பம் வைத்துச் சொதி விட்டுத் தகப்பனின் கையில் கொடுத்தாள். அவர் முதலில் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய் வைத்தார். பகல் முழுக்க வெறும் வயிறு. அடுத்த வாய் வேகமாகப் போனது. அதற்கடுத்தது இன்னும் வேகமாக. கோப்பை வெறுமையானதும் தன் பசியைக் கண்டு வெட்கப்பட்டவர்போலக் குனிந்துகொண்டார்.

"போதும் பிள்ளை."

அவள் இன்னும் இரண்டு வைத்தாள்.

"ஏலாது. வயிறு நிரம்பீட்டுது."

"ஏலும், அப்பா. சாப்பிடுங்கோ."

முற்றத்தில் வாடகைக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது. பரமலிங்கம் மகளைப் பார்க்காமல் இடியப்பத்தைப் பிய்க்கத் தொடங்கினார். அவள் சொதிக் கரண்டியைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.