மீன் மேசையில் இருபது கிட்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. அந்தமானின் வண்டூரில் மீன்பிடிப் படகுக்காரர்களின் சங்கத்திடம் எச்ஐவி சுயபரிசோதனை கிட்டுகள் இருபது ஒப்படைக்கப்பட்டன.

ஒப்படைத்தவள் ஷெர்லின். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டால், இருபது நிமிடத்தில் தனக்கு மட்டும் முடிவு தெரியும் என்று ஊருக்கு எடுத்துச் சொல்வது அவள் வேலை. சங்கச் செயலாளர் வின்சென்ட் சொன்னால் ஆட்கள் கேட்பார்கள் என்று நம்பித்தான் பெட்டியை அவரிடம் விட்டு வந்தாள்.

மறுநாள் மாலை படகுத்துறைக்குப் போனாள். மீன் அறுக்கும் மேசையில், செதிலுக்கும் குடலுக்கும் நடுவே, இருபது கிட்டுகளும் பிரித்துப் பரப்பிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் மார்க்கரில் ஒரு பெயர். ரத்தப் பஞ்சில் ஈக்கள்.

"வாம்மா ஷெர்லின்! நீ வீடு வீடா அலைய வேண்டாம். எல்லாப் பயலையும் ஒரே நாள்ல குத்தியாச்சு," என்றார் வின்சென்ட்.

"யாரைக் கேட்டுக் குத்துனீங்க, மாமா?"

"கேக்கணுமாக்கும்? சாஃப், சுத்தமா இருக்கவன் படகுல ஏறுவான். பத்தொம்பது பேரு பக்கா. இந்த நாகராஜுக்குத்தான் ரெண்டு கோடு, நோய் இருக்கு."

"போர்ட் பிளேயருக்கு சினிமா பாக்கப் போறேம்பான், என்ன சினிமான்னு இப்பல்லா தெரியுது!" என்று ஒருவன் கத்தினான். துறையே சிரித்தது.

கயிற்றுக் குவியலில் உட்கார்ந்திருந்த நாகராஜ் தலை நிமிரவில்லை. "அக்கா, நாளைலேர்ந்து வேலைக்கு வராதேங்குறாங்க."

"எப்பக் குத்துனீங்க? எப்பப் பாத்தீங்க?"

"காலைல குத்தி வெயில்ல வச்சோம். ஏலம் முடிஞ்சு வந்து பாத்தோம். நல்லாக் காயணும்லா?" என்றார் வின்சென்ட்.

கருவாடு போடுகிற புத்தி.

"நேரம் தப்பி விழுற கோடு செல்லாது, மாமா. சரியான நேரத்துல விழுந்தாலும் ஆஸ்பத்திரியில உறுதிப்படுத்தணும். அதையும் அவன் மட்டுந்தான் பாக்கணும்."

"அரே, கோடுன்னா கோடுதான். டீ குடி."

செதில் ஒட்டிய கையால் டம்ளரை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அந்த ஆளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பெட்டியை அவரிடம் கொடுத்த தன் கையை நினைத்தால் அதைவிட அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை நாகராஜை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நெகட்டிவ். நாகராஜ் நீட்டிய முடிவுத் தாளை வின்சென்ட் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். படகில் நாகராஜின் இடத்தில் வேறு ஆள் ஏறியிருந்தான். நாகராஜ் அடுத்த கப்பலில் சென்னைக்குப் போனான்.

டிசம்பரில் ஷெர்லின் வண்டூரில் முப்பது வீடுகளுக்குப் போனாள். ஒரு வீட்டிலும் கிட் வாங்கவில்லை.