முதல் வரியில் ஒரு கையெழுத்து

ஷமீமா வீட்டுக்கு இரண்டு ஜன்னல், என் வீட்டுக்கு ஒன்று. என் வயிற்றெரிச்சல் அங்கிருந்துதான் ஆரம்பித்தது, அதனால் கதையையும் அங்கிருந்தே சொல்கிறேன்.

தாராவியில் எங்கள் சந்து ஆறடி அகலம்தான். அவள் எதிர்வீடு. சந்துப் பக்கம் ஒரு ஜன்னல், பின்னால் மைதானத்தைப் பார்த்து இன்னொன்று. எங்கள் மாடியில் என் வீட்டுக்காரர் கரீம் பாட்சா தோல் பை தைக்கிறார். ஒட்டுகிற சொல்யூஷன் நெடி இருபது வருஷமாக அவர் நெஞ்சில் ஏறிக் கிடக்கிறது. ஒரே ஒரு ஜன்னலோரம் மிஷின் கிடப்பதால்தான் அவருக்கு மூச்சு ஓடுகிறது.

முன்பெல்லாம் சந்தில் குழாய் வரவில்லை என்றாலும் சரி, சாக்கடை அடைத்தாலும் சரி, "சாயிரா லாத்தாவக் கூப்புடு" என்று, அக்காவைத் தேடுகிற மாதிரி என்னைத்தான் தேடுவார்கள். அப்புறம் மான்குர்தில் இருந்து ஷமீமா மருமகளாக வந்தாள். மராத்திப் பள்ளியில் படித்தவள். ஆபீஸில் போய் நாலு வார்த்தை பேசினால் அவளுக்கு நாற்காலி போடுகிறார்கள். நான் அத்தனை வருஷமும் நின்றுகொண்டே பேசியவள். எப்படி எரியாமல் இருக்கும்?

மழைக்கு முன்னால் கரண்ட் கம்பெனி ஆட்கள் வந்து என் பக்கச் சுவர்களில் சிவப்புக் கோடு போட்டார்கள். பழைய கம்பிகளை எடுத்துவிட்டுப் பெரிய லைன் இழுக்கிறார்களாம். லைனுக்குக் கை எட்டும் தூரத்தில் ஜன்னல் இருந்தால் தகடு வைத்து அடைக்க வேண்டுமாம். ஆட்சேபம் இருந்தால் மனு கொடுக்கச் சொல்லிக் கெடுவும் வைத்தார்கள். அந்தத் தூரத்தில் இருந்த ஒரே ஜன்னல் என்னுடையது.

தலைக்கு மேல் பெரிய லைன் என்றதும் சந்தே பயந்து போயிருந்தது. ஷமீமா மராத்தியில் மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது கடைசியாக என் வாசலுக்கு வந்தாள்.

"லாத்தா, ஒங்க கையெழுத்தப் போடுங்க. நாளைக்கிக் குடுத்தாவணும்."

எனக்கு மராத்தி படிக்க வராது. பெயர் வரிசையை மட்டும் பார்த்தேன். இரண்டாவது கட்டத்தில் ஷமீமாவின் கையெழுத்து, முதல் கட்டம் காலி. எங்கள் சந்தில் எந்த மனுவானாலும் முதல் கட்டத்தைக் காலியாக விடுவோம், எங்கள் வார்டு கவுன்சிலர் நகரசேவகரின் கையெழுத்துக்கு. அப்படியென்றால் நகரசேவகருக்கு அடுத்தபடி இவளாம்! நேற்று வந்தவள்!

"எல்லாரும் போட்டாச்சுல்லா? பெறவு நா என்னத்துக்கு?"

"நீங்கதாம் லாத்தா முக்கியமாப் போடணும்."

"முக்கியம்னா மொதல்ல இங்கல்லா வந்திருக்கணும்."

"அதுல ஒரு வெசயம் இருக்கு லாத்தா, கேளுங்க..."

நான் கதவைச் சாத்தினேன். மாடியிலிருந்து அவர் இருமிக்கொண்டே, "போட்டுத்தான் குடேன் சாயிரா" என்றார். "ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரிங்க" என்றேன்.

பத்து நாள் கழித்து இன்ஜினியர் ஃபைலோடு வந்தார். பதினாலாம் நம்பர் வீடு யாருடையது என்று இந்தியில் கேட்டார். நான் முன்னால் போனேன். அவர் நிதானமாக விளக்கினார். மனுவில் முதல் கோரிக்கையே உங்கள் ஜன்னல்தான். லைனை எதிர்ப்பக்கம் மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அதற்காகத் தன் சந்துப் பக்க ஜன்னலை அடைத்துக்கொள்ள எதிர்வீட்டு அம்மா சம்மதம் கொடுத்திருக்கிறார். ஆனால் பாதிக்கப்படுகிற வீட்டில் இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டிய முதல் கட்டம் காலி. அதனால் ஜன்னலை அடைப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று மேலே எழுதி அனுப்பியாகிவிட்டது.

"பேனாவக் குடுங்க, இப்பப் போடுதேன்" என்று தமிழிலேயே கத்தினேன். அவர் ஃபைலை மூடினார். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்க ஓடினேன்.

ஷமீமா அழுதாள். "ஆபீஸ் மூடுத வரைக்கும் வச்சிருந்தேம் லாத்தா. நீங்க வருவீங்கன்னு."

அப்போதும் என் பாழாய்ப்போன மனசுக்கு நன்றி வரவில்லை. அவள் ஒரு ஜன்னலையே கொடுக்கத் துணிந்தாள், எனக்கு ஒரு கையெழுத்துக் கொடுக்க மனசில்லை. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டவள் நான். அறுபட்டது என் வீட்டுக்காரருடைய மூச்சு என்பதுதான் வித்தியாசம். இதிலும் அவள்தான் என்னை முந்திவிட்டாள் என்று தோன்றியது பாருங்கள், அதை எந்தத் தண்ணீரை ஊற்றிக் கழுவுவது?

தகடு அடித்த அன்று அவருக்கு ராத்திரி முழுக்க இழுப்பு. விடிந்ததும் ஷமீமா வந்தாள். "மச்சான் மிஷின எங்க மாடியில போட்டுக்கிடட்டும் லாத்தா. பின்பக்க ஜன்னல் தெறந்துதான கெடக்கு. மாமாவும் கூட இருக்காவ."

இந்தத் தடவை நான் கதவைச் சாத்தவில்லை. அவளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மிஷினைத் தூக்கிப் போனோம். இப்போது அவர் அங்கேதான் தைக்கிறார். அவள் மாமனார் ஜெயினுலாப்தீன் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுகிறார். தினமும் நாலு மணிக்கு நான் டீயை எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டிப் போய் அவள் கதவைத் தட்டுகிறேன்.

அவருக்கு இருமல் நின்றுவிட்டது. அதுவும் அவள் ஜன்னலோரம் போய்த்தான் நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் சொல்கிறது, வயிறு இன்னும் எரிகிறது.